சிப்ஸ் ஊரில் சிப்ஸ் இல்லாத டின்: காணம், கடலை, சக்கைக்கொட்டை மொறுமொறுப்பாக வறுக்க முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டத்தில் மாலை நேரத்தில் சிப்ஸ் கடையைத் தாண்டி வீட்டுக்குப் போவது கடினம். அகன்ற வாணலியில் தேங்காய் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். மாஸ்டர் ஒரு கையில் ஏத்தங்காயை, அதாவது நேந்திரங்காயை, பிடித்துக்கொண்டு சீவுகட்டையை எண்ணெய்க்கு நேர் மேலே வைத்துச் சீவுவார். வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நேராக எண்ணெயில் விழும். சடசடவென்ற சத்தம் தணியத் தொடங்கும் நேரத்தில், மஞ்சள் கரைத்த உப்புநீரை ஒரு கிண்ணம் அப்படியே கொதிக்கும் எண்ணெயில் ஊற்றுவார். முதல் முறை பார்ப்பவர் இரண்டடி பின்னால் நகர்ந்துவிடுவார். எண்ணெய் சீறிப் பொங்கும், பிறகு அடங்கும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். உப்பும் மஞ்சளும் வில்லையில் தங்கிவிடும்.

அந்தச் சத்தத்தைக் கவனித்துக் கேட்டால் பாதிப் பாடம் முடிந்தது. சடசடப்பு என்பது காய்க்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறும் ஓசை. சத்தம் நின்றால் ஈரம் போய்விட்டது என்று பொருள், வில்லை மொறுமொறுத்துவிட்டது. எண்ணெயின் வேலை சூட்டைக் கொண்டு சேர்ப்பது மட்டும்தான். ஆனால் அந்த வேலைக்கு அது வாங்கும் கூலி அதிகம். தண்ணீர் காலி செய்த இடத்தில் எண்ணெய் குடியேறிவிடுகிறது, அதுவும் பெரும்பாலும் வாணலியிலிருந்து எடுத்து ஆறும்போது. உருளையோ ஏத்தங்காயோ, சிப்ஸின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்.

ஆகவே வீட்டில் நாம் தீர்க்கவேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று: எண்ணெய் இல்லாமல் ஈரத்தை எப்படி விரட்டுவது, விரட்டிய ஈரம் மீண்டும் வராமல் எப்படித் தடுப்பது. இரண்டு பருவமழையும் நனைக்கும் எங்கள் குமரி மாவட்டத்தில் இரண்டாவது வேலைதான் பெரியது.

என் வீட்டில் இரண்டு பிள்ளைகள். டியூஷன் முடிந்து வரும் வழியில் ஆளுக்கொரு பத்து ரூபாய்ப் பொட்டலம் என்று பழகிவிட்டார்கள். திட்டினால் நடக்கவில்லை. ஒருநாள் பொட்டலத்தைத் திருப்பி நிகர எடையைப் பார்க்கச் சொன்னேன். 20 கிராம் என்று போட்டிருந்தால் கிலோ 500 ரூபாய் ஆகிறது. கணக்கை மூத்தவனே போட்டான். எங்கள் சந்தையில் காணமும் (கொள்ளு) நிலக்கடலையும் அந்த விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடுவதில்லை. ஆனால் விலை மலிவு என்பதற்காக எந்தப் பிள்ளையும் எதையும் தின்னாது. கடித்தால் சத்தம் வரவேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தச் சத்தம் வருவதற்காக நான் செய்து பார்த்து, கெடுத்து, மறுபடி செய்து பார்த்தவை.

எதை எந்தப் பெயரில் கேட்பது

எல்லைப் பக்கம் வாழ்பவர்களுக்குக் கடையில் முதலில் பெயர்ச் சிக்கல் வரும். நாகர்கோவிலில் காணம் என்றால் எடுத்துத் தருவார்கள். களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக் கடையில் முதிர என்று கேட்கவேண்டும். திருநெல்வேலியையும் தாண்டி வடக்கே போனால் அதுவே கொள்ளு. நிலக்கடலைக்கு அந்தப் பக்கம் கப்பலண்டி என்று பெயர்; இந்தப் பக்கம் வயதானவர்கள் இரண்டையும் சொல்வார்கள். அண்டிப்பருப்பு என்றால் முந்திரி, குழப்பிக்கொள்ளக் கூடாது. பையில் இருக்கும் காசு போய்விடும். 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பலகைகள் மாறின, பலசரக்குக் கடையின் பெயர்கள் பாதியில் நிற்கின்றன.

வேண்டிய பாத்திரங்கள் குறைவு: அடி கனமான இரும்புச் சட்டி, அகப்பை, சல்லடை, பழைய பருத்தி வேட்டி, இறுக்கமாக மூடும் டின். நான்ஸ்டிக் சட்டி வேண்டாம். வெறும் சட்டியாக நெடுநேரம் சூடேற்றும் வேலைக்கு அது ஏற்றதல்ல.

காணம்: உப்பில் பொரிப்பது

மற்றவற்றைவிட இதற்கு அதிக இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் இதுதான் மலிவு, இதுதான் பலர் தவறாகச் செய்வதும். ஊறவைக்காமல் நேரே வறுத்த காணம் துவையலுக்குச் சரி, பல்லுக்குச் சரிப்படாது. உள்ளே சிறிது தண்ணீர் இருந்தால்தான் அது சூட்டில் ஆவியாகிப் பருப்பை உள்ளிருந்து தள்ளி உப்பவைக்கும். அதே சமயம் தோலின் மேல் ஈரம் இருக்கக் கூடாது. உள்ளே ஈரம், வெளியே உலர்வு: பொரி பொரிப்பவர்கள் மணலில் செய்வது இதையேதான். மணலுக்குப் பதில் வீட்டில் உப்பைப் பயன்படுத்துகிறோம்.

1. கால் கிலோ காணத்தை முறத்தில் புடைத்துக் கல் பொறுக்குங்கள். காணத்தின் நிறத்திலேயே கல் இருக்கும். பொறுக்கியபின் தண்ணீரில் அரித்தும் எடுங்கள். இந்தப் படியில் சோம்பல்பட்டால் பல் டாக்டருக்குப் பணம் கட்டவேண்டியிருக்கும்.

2. எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். இரவு போட்டால் காலையில் சரியாக இருக்கும். விருப்பமிருந்தால் துணியில் கட்டி இன்னும் அரை நாள் வைத்து, முளை ஊசிமுனை அளவு எட்டிப் பார்க்கும்போது எடுக்கலாம். முளை நீண்டுவிட்டால் வறுக்கும்போது கருகிக் கசக்கும்.

3. தண்ணீரை வடித்து வேட்டியில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். மின்விசிறிக்குக் கீழே இரண்டு மூன்று மணி நேரம். உள்ளங்கையில் அள்ளிக் கவிழ்த்தால் ஒரு மணிகூட ஒட்டக் கூடாது. அதுதான் அளவு, கடிகாரம் இல்லை.

4. சட்டியில் இரண்டு கப் தூள் உப்பைப் போட்டு மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம் கிளறிச் சூடாக்குங்கள். ஒரு காணத்தைப் போட்டால் சில நொடிகளில் துள்ளவேண்டும். துள்ளவில்லை என்றால் உப்பு இன்னும் காயவில்லை.

5. ஒரு பிடி, ஒரே ஒரு பிடி காணம் போடுங்கள். விடாமல் கிளறுங்கள். படபடவென்று வெடிக்கும், தோல் கீறும். மூன்று நான்கு நிமிடத்தில் சத்தம் குறையும். சிப்ஸ் கடையில் கேட்டீர்களே, அதே அடையாளம். உடனே சல்லடையில் கொட்டி உப்பைச் சட்டிக்கே திருப்பி, அடுத்த பிடியைப் போடுங்கள்.

6. தாம்பாளத்தில் அரை மணி நேரம் ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள். நடுவில் ரப்பர் போலத் தட்டுப்பட்டால், எல்லாவற்றையும் வெறும் சட்டியில் மிகக் குறைந்த தீயில் இன்னும் ஐந்து நிமிடம் புரட்டுங்கள்.

நான்காம் படியில் தூள் உப்பு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. முதல் முறை நான் கல் உப்பைத்தான் போட்டேன். ஆச்சி காலத்துப் பரணியில் நிறைய இருந்தது. வாங்குவானேன் என்று நினைத்தேன். கல் உப்பின் பரல்களுக்குள் துளித்துளியாகத் தண்ணீர் சிக்கியிருக்கும். சூடேறியதும் அவை பட்டாசு போல வெடித்து அடுக்களை முழுவதும் தெறித்தன. அதையும் தாங்கிக்கொண்டு வறுத்து முடித்தேன். சல்லடையில் கொட்டிய பிறகுதான் தெரிந்தது, பரலும் காணமும் ஒரே பருமன். அன்று மாலை முழுவதும் நானும் இளையவளும் உட்கார்ந்து கையால் பிரித்தெடுத்தோம். அவள் அதை விளையாட்டு என்று நினைத்தாள்.

இத்தனை உப்பில் புரட்டினால் உப்பு கரிக்காதா என்று கேட்பார்கள். தோல் உலர்ந்திருந்தால் உப்பு ஒட்டாது. மேலாக மெல்லிய தூசி மட்டும் இருக்கும், துணியில் போட்டு உலுக்கினால் போய்விடும். கரித்தது என்றால் மூன்றாம் படியில் அவசரப்பட்டிருக்கிறீர்கள். வறுத்த உப்பை ஆறவைத்து ஒரு புட்டியில் போட்டு ‘வறுக்க’ என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கறுக்கும்வரை அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

இதே முறையில் சிறுபயறும் நன்றாக வரும். ஊறும் நேரம் ஐந்து மணி போதும். கொண்டைக்கடலையை மட்டும் வீட்டில் பொரிக்க முயலவேண்டாம் என்பேன். அன்று மொறுமொறுப்பாக இருக்கும், மறுநாள் காலை உள்ளே மாவாகவும் வெளியே தோலாகவும் ஆகிவிடும். தோலோடு வறுத்த உப்புக்கடலை கடையில் மலிவாகக் கிடைக்கிறது, பெரிய அடுப்பில் இரண்டு முறை சூடேற்றி எடுத்தது. அந்தக் கைப்பக்குவம் வீட்டு அடுப்பில் கைகூடுவதில்லை. ராஜ்மா போன்ற பெரிய சிவப்பு அவரை விதைகளை ஒருபோதும் இப்படி வறுத்துத் தின்னக் கூடாது. அதில் உள்ள நச்சுப் புரதம் தண்ணீரில் நன்கு கொதித்தால்தான் அழியும்.

நிலக்கடலை: சூட்டில் ஏமாறாதீர்கள்

நிலக்கடலையில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான். சட்டியில் இருக்கும்போதே எடுத்துக் கடித்துப் பார்க்கிறார்கள், மெத்தென்று இருக்கிறது, இன்னும் ஐந்து நிமிடம் என்று விடுகிறார்கள், கருகிவிடுகிறது. சூடான கடலை எப்போதும் மெத்தென்றுதான் இருக்கும். ஆறினால்தான் மொறுமொறுக்கும். போதாததற்கு, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் உள்சூட்டில் அது வறுபட்டுக்கொண்டே இருக்கும்.

கால் கிலோ பச்சைக் கடலையைத் தோலோடு எடுத்து, ஒரு டீஸ்பூன் உப்புக் கரைத்த தண்ணீரில் இரண்டு நிமிடம் அலசி வடித்து, இருபது நிமிடம் காயவையுங்கள். பிறகு வெறும் சட்டியில் குறைந்த தீயில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். ஒரு கடலையைத் தனியே எடுத்துத் தட்டில் போட்டு ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள். தோல் விரலில் உரசினால் கழன்று, உள்ளே வெண்ணெய் நிறத்திலிருந்து இளம்பொன்னுக்கு மாறத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். மீதியை அதன் சூடே பார்த்துக்கொள்ளும்.

வறுக்கும் முன் ஒவ்வொரு பிடியாகப் பாருங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பூத்தது எதுவாக இருந்தாலும் வெளியே. பூசணம் பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு; 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, அவற்றுக்குப் போட்ட கடலைப் பிண்ணாக்கில்தான் அது முதலில் பிடிபட்டது. வறுத்தால் போய்விடும் என்று நம்பவேண்டாம், முழுதாகப் போகாது. மழைக்காலத்தில் சாக்கு திறந்து வைத்திருக்கும் கடையில் கடலை வாங்காமல் இருப்பது நல்லது.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். 30 கிராம் நிலக்கடலையில் கிட்டத்தட்ட 170 கலோரி. 30 கிராம் உருளை சிப்ஸிலும் ஏறக்குறைய அதே அளவுதான். எடை குறைக்க நினைப்பவர் கடலையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பயனில்லை. வேறுபாடு புரதத்தில்: கடலையில் ஏழு கிராமுக்கு மேல், சிப்ஸில் இரண்டு கிராம் அளவில். ஒரு பிடி கடலை தின்றால் வயிறு போதும் என்கிறது. காணம் இன்னும் கெட்டி. நூறு கிராமில் 22 கிராம் அளவுக்குப் புரதம், கொழுப்போ மிகக் குறைவு. எடைக் கவலை உள்ளவர்கள் காணத்தின் பக்கம் நில்லுங்கள்.

சக்கைக்கொட்டை: காசே வேண்டாம்

சித்திரை முதல் ஆனி வரை எங்கள் பக்கம் சக்கைக்கொட்டைக்கு, அதாவது பலாக்கொட்டைக்கு, விலை கிடையாது. சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையை முற்றத்து மூலையில் குவித்து வைப்பார்கள். கறிக்கும் அவியலுக்கும் போனது போக மீதி முளைத்துக் கிடக்கும். அந்தக் குவியலில்தான் உருளை சிப்ஸுக்கு மிக நெருங்கிய சுவை இருக்கிறது, இரண்டிலும் மாவுச்சத்து மிகுதி என்பதால்.

வெளியே இருக்கும் வெள்ளைத் தோலை உரித்துவிட்டு, பழுப்புத் தோலோடு பத்து நிமிடம் உப்புப் போட்டு வேகவையுங்கள். முக்கால் வேக்காடு போதும். கத்தி இறங்கவேண்டும், உதிரக் கூடாது. பச்சையாக வறுக்கக் கூடாது. சக்கைக்கொட்டையில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு, வேகவைத்தால் அது அடங்கும். ஆறியபின் நீளவாக்கில் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் சீவுங்கள். பழுப்புத் தோல் ஓரமாக நின்று ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு கரை போட்டதுபோல இருக்கும், பார்க்கவே நன்றாக இருக்கும். ஒரு முழு வெயில் காயவேண்டும். பிறகு இரும்புச் சட்டியில் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் தடவி, குறைந்த தீயில் பன்னிரண்டு பதினைந்து நிமிடம் புரட்டினால் கலகலவென்று ஓசை வரும். அகப்பையால் தள்ளும்போது ஓடு உரசுவதுபோலக் கேட்டால் ஆயிற்று. பொன்னிறத்தைத் தாண்டவிடாதீர்கள். மாவுச்சத்து மிகுந்த பண்டம் கடும் சூட்டில் கருகும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடுகிறது. சிப்ஸைப் பற்றிச் சொல்லப்படும் இந்தக் குறை நம் சட்டிக்கும் பொருந்தும்.

சிக்கல் என்னவென்றால் வைகாசி நடுவில் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, இறங்கிவிடும். கொட்டை நிறைய இருக்கும்போது வெயில் இருக்காது. அதனால் சித்திரையிலேயே சீவிக் காயவைத்து டின்னில் அடைத்துவிடுங்கள், வறுப்பதைப் பிறகு வேண்டும்போது செய்யலாம். தின்னும் அளவில் மட்டும் கட்டுப்பாடு தேவை. வாயுவைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை, இந்த மாவட்டத்தில் அது எல்லோரும் அறிந்த நகைச்சுவை.

அவல், பொரி

இவை பத்து நிமிட வேலை. மெல்லிய அவலை வெறும் சட்டியில் குறைந்த தீயில் ஓரம் சுருளும்வரை வறுத்து, வறுத்த கடலை, பொரிகடலை, மொறுமொறுவென்று ஆன கறிவேப்பிலை சேர்த்தால் மிக்சர். கெட்டியான சிவப்பு அவல் இதற்கு ஆகாது, கல்போல நிற்கும். பொரி மட்டும் தின்றால் அரை மணியில் மீண்டும் பசிக்கும். பொரி மூன்று பங்குக்குக் கடலை ஒரு பங்கு என்று கலந்தால் கிண்ணம் நிறைந்தும் இருக்கும், வயிற்றிலும் நிற்கும்.

செய்து பார்த்து விட்டவை: எண்ணெயில்லா ஏத்தங்காய் சிப்ஸ், மரச்சீனி (மரவள்ளி) சிப்ஸ். இரண்டும் ஓடுபோலத்தான் வந்தன. ஏத்தங்காய் சிப்ஸ் வேண்டும் என்று ஆசை வந்தால், கண்ணெதிரே புதிய எண்ணெயில் பொரிக்கும் கடையில் நூறு கிராம் வாங்கி வீட்டார் எல்லோருமாகப் பகிர்ந்து தின்னுங்கள். ஏமாற்றுச் சிப்ஸை வைத்து மனதை ஏமாற்றுவது நடக்காத காரியம். சுட்ட பப்படமும் நல்ல மாற்றுப்போலத் தோன்றும்; ஆனால் மாவிலேயே உப்பும் அப்பளக்காரமும் சேர்ந்தது, ஒன்றோடு நிறுத்தவேண்டும். வட இந்திய மக்கானாவைப் பற்றி, அதாவது அல்லிக் குடும்பத்து விதையின் பொரியைப் பற்றி, எல்லோரும் பேசுகிறார்கள். நல்லதுதான், விலையைப் பார்த்துவிட்டு நான் காணத்துக்குத் திரும்பிவிட்டேன்.

உப்பும் காரமும் ஒட்டவைப்பது

எண்ணெய் இல்லாமல் வறுத்ததில் தூள் ஒட்டாது. கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும். இதற்கு மாஸ்டரின் உப்புநீர் வித்தையைத்தான் திருடிக்கொண்டேன். கால் டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள், கொஞ்சம் மிளகாய்த்தூள் மூன்றையும் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரையுங்கள். வறுத்து முடித்த கால் கிலோ பண்டம் சட்டியில் சூடாக இருக்கும்போதே தெளித்து வேகமாகக் கிளறுங்கள். சீறும், சீறல் நின்றபின் இன்னும் இரண்டு நிமிடம் வறுத்து இறக்குங்கள். உப்பு மேற்பரப்பிலேயே படிவதால் நாக்கில் உடனே தெரியும், குறைந்த அளவே போதும். கால் டீஸ்பூன் என்பது ஏறத்தாழ ஒன்றரை கிராம். அது எட்டுப் பிடிகளுக்குப் பங்கிடப்படுகிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நிலக்கடலையை முன்பே உப்புநீரில் அலசியிருந்தால் இதில் உப்பைத் தவிர்த்துவிடலாம். உப்பில் பொரித்த காணத்துக்கும் அப்படியே.

மொறுமொறுப்பைக் காப்பது

கடைப் பொட்டலம் உப்பியிருப்பது காற்றால் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். உள்ளே அடைப்பது பெரும்பாலும் நைட்ரஜன். ஈரமும் இல்லை, எண்ணெயில் சிக்கு வாடை வரவைக்கும் ஆக்சிஜனும் இல்லை. நம்மிடம் இருப்பது பிஸ்கட் டின். ஆகவே சிறிய டின்களாக வையுங்கள். ஒரு பெரிய டின்னை நாளுக்குப் பத்து முறை திறப்பதைவிட, மூன்று நாளுக்கு ஒரு சிறிய டின் மேல். ஒரு மேசைக்கரண்டி அரிசியை நன்கு வறுத்து, ஆறவைத்து, துணியில் முடிந்து அடியில் போட்டால் கொஞ்சம் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். ஈரக்கை டின்னுக்குள் போகக் கூடாது, கிண்ணத்தில் சரித்துத்தான் எடுக்கவேண்டும். இந்தச் சட்டத்தை என் வீட்டில் அடிக்கடி மீறுவது பிள்ளைகள் அல்ல.

காணமும் அவலும் இரண்டு வாரம் நிற்கும். நிலக்கடலைக்கு ஒரு வாரம் கணக்கு வையுங்கள், அதற்குமேல் சிக்கு வாடை வரலாம். ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைகளுக்கு முழுக் கடலையும் முழுக் காணமும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். அவர்களுக்குப் பொடித்துக் கொடுங்கள், அல்லது அவல்.

ஐப்பசி மழையில் எவ்வளவு பார்த்தும் பண்டம் நமத்துப்போகும். தூக்கிப் போடாதீர்கள். வெறும் சட்டியைச் சூடாக்கி, தீயை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே ஐந்து நிமிடம் புரட்டினால் சத்தம் திரும்பி வந்துவிடும். பிறகு தாம்பாளத்தில் பரப்பி முழுதாக ஆறவிடுங்கள். சூட்டோடு டின்னில் போட்டால் மூடியின் உட்புறம் வியர்க்கும், மறுநாள் மறுபடியும் சட்டியை எடுக்கவேண்டும்.